கல் இருக்கிறது, ஊர் எங்கே? – வாசகர் கேள்வி பதில்

பழைய கற்சேகரிப்பு யார் வீட்டிலாவது கிடக்கிறதா என்று போன இதழில் கேட்டிருந்தேன். மலையகத்தில் இத்தனை வீடுகளில் கல்மூட்டை இருக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்ததால் சேர்த்துச் சுருக்கியிருக்கிறேன். "இதை வித்தால் எவ்வளவு வரும்?" என்று மட்டும் எழுதியவர்களுக்கு இந்தப் பக்கத்தில் பதில் கிடையாது, கோபிக்க வேண்டாம்.

வாசகி, பண்டாரவளை: ஐயா, என் தாத்தா பாறை ஆய்வுக்குப் போகும் குழு ஒன்றில் உதவியாளராக வேலை செய்தவர். அவர் போன பிறகு பார்த்தால், இரண்டு தேயிலைப் பெட்டி நிறையக் கற்கள். ஒவ்வொன்றிலும் சிவப்பு மையில் ஓர் இலக்கம், கூடவே சில கொப்பிகள். மாமா எல்லாவற்றையும் ஆற்றில் கொட்டச் சொல்கிறார். ஒரு கல் வியாபாரி வந்து, பளபளப்பானதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன் என்றார். ஆராய்ச்சிக்கு உதவக்கூடிய கற்களா இவை என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: வியாபாரிக்கு ஒரு டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள். மாமாவிடம் ஒரு மாதம் தவணை கேளுங்கள். அந்தக் கொப்பிகளை முதலில் எடுத்து அலுமாரியில் வையுங்கள், ஏனென்றால் உங்கள் வீட்டில் இருப்பதில் மிகவும் பெறுமதியானவை அவைதான்.

கல் என்ன கல் என்பதை விவரம் தெரிந்தவர் பார்த்தே சொல்லிவிடுவார், இல்லாவிட்டால் ஆய்வுகூடத்தில் சொல்லிவிடுவார்கள். அதை எந்த ஊரில், எந்த ஓடைக்கரையில், எந்தப் பாறை அடுக்கிலிருந்து எடுத்தார்கள் என்பதைப் பெரும்பாலும் கல் சொல்லாது, எடுத்தவர் எழுதி வைத்திருந்தால்தான் உண்டு. 1945இல் டப்ளின் நகரத்தில் ரிச்சர்ட் டாஃப் என்ற இரத்தினக்கல் நிபுணர், நகைக்கடைக்காரர் ஒருவரிடமிருந்து வாங்கிய பட்டை தீட்டிய கற்களுக்குள் இளம் ஊதா நிறத்தில் ஒன்றைப் பார்த்தார். ஸ்பினல் என்று நினைத்த கல் ஒளியை இரண்டாகப் பிரித்தது. ஸ்பினல் அப்படிச் செய்யாது. உலகம் அதுவரை அறியாத கனிமம் அது. பிறகு டாஃபைட் என்று அவர் பெயரையே வைத்தார்கள். ஆனால் அது எந்த நாட்டு மண்ணிலிருந்து வந்தது என்று அந்த நேரம் யாராலும் சொல்ல முடியவில்லை. பின்னாளில் இலங்கைக் கற்களுக்குள் அதே கனிமம் தென்பட்ட பிறகுதான் விஷயம் தெளிந்தது. தீட்டியவனோ விற்றவனோ ஒரு துண்டுக் காகிதத்தில் ஊரின் பெயரை எழுதியிருந்தால் அந்த அலைச்சலே இல்லை.

சரி, உங்கள் பெட்டியில் எதைத் தேடுவது? அழகை விடுங்கள். கல்லில் உள்ள இலக்கமும் கொப்பியில் உள்ள இலக்கமும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். பொருந்தினால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. அப்புறம், ஒரே இடத்துக் கற்கள் வரிசையாக இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒரு மலைச்சரிவில் கீழிருந்து மேல் வரை அடுத்தடுத்து எடுத்த இருபது சாதாரணக் கருங்கல் துண்டுகள், எங்கிருந்தோ வந்த ஒரு பெரிய நீலக்கல்லை விட ஆய்வாளருக்கு அதிகம் பயன்படும். வியாபாரி கழித்துவிட்ட கற்களில்தான் உங்கள் தாத்தாவின் வேலை இருக்கலாம்.

அடுத்து, யாருக்காகச் சேகரித்தார் என்று விசாரியுங்கள். அந்தக் குழுவிலிருந்த யாராவது ஆய்வுக்கட்டுரையோ வரைபடமோ வெளியிட்டிருந்து, அதில் இந்த இலக்கங்கள் இருந்தால், இந்தக் கற்கள் அந்தக் கட்டுரைக்குச் சாட்சி. கட்டுரை தவறு என்று நாளை ஒருவர் சொன்னால் இந்தக் கல்லை எடுத்துத்தான் சரிபார்க்க வேண்டும். இதிலும் மேலான தகுதி மூல மாதிரிக்கு. ஒரு புதிய கனிமத்தையோ புதைபடிவ உயிரினத்தையோ முதன்முதலாக விவரிக்கும்போது, எந்தத் துண்டைப் பார்த்து விவரித்தார்களோ அந்தத் துண்டுதான் மூல மாதிரி. செரண்டிபைட் என்ற நீலப்பச்சைக் கனிமம் அப்படி உலகத்துக்கு அறிமுகமானது நம்முடைய கண்டிப் பக்கத்தில், அம்பகோட்டைக்கு அருகே கங்காபிட்டியவில். 1903இல் பிரையர், ஆனந்த குமாரசுவாமி இருவரும் அதை விவரித்தார்கள். அந்த இடத்துக் கல் யாரிடமாவது பழைய சீட்டோடு இருந்தால் அதைச் சாமான் அறையில் போட்டு வைப்பது பாவம்.

இன்னொன்றும் பாருங்கள்: அந்த இடத்துக்கு இன்றைக்குப் போய் அதே கல்லை எடுக்க முடியுமா? பழைய தெல்தெனிய நகரம் விக்டோரியா நீர்த்தேக்கத்துக்குள் போய்விட்டது. அங்கே முன்பு எடுத்த கல் ஒன்று உங்களிடம் இருந்தால், அதற்கு மாற்றுத் தேட நீங்கள் நீர்மூழ்கியாக வேண்டும். கல்லுடைக்கும் இடங்களும் அப்படித்தான். கண்டியைச் சுற்றியுள்ள சில பாறைகளில் சஃபிரின் என்ற கனிமம் குவார்ட்சோடு ஒட்டி இருப்பதைக் கண்டிருக்கிறார்கள். இரண்டும் அப்படிச் சேர்ந்திருக்க வேண்டுமானால் அந்தப் பாறை பூமியின் ஆழத்தில் 900 பாகை செல்சியசுக்கும் மேல் வெந்திருக்க வேண்டும். உலகத்தில் இப்படிப்பட்ட இடங்கள் கொஞ்சம்தான். ஆனால் பாறை உடைக்கிறவருக்கு அதுவும் முக்கால் அங்குலச் சல்லிதான். அவரைக் குறை சொல்லவில்லை, அது அவருடைய வயிற்றுப்பாடு. வீதிக்கடியில் போவதற்கு முன்பு ஒரு துண்டு யாருடைய பெட்டிக்காவது போய்ச் சேர்ந்ததா என்பதுதான் எனக்குக் கவலை.

இப்போதைக்குக் கற்களைக் கழுவாதீர்கள், நிறவாரியாக அடுக்காதீர்கள். எந்தப் பெட்டியில் எந்த அடுக்கில் எது இருந்தது என்பதும் ஒரு தகவல். ஒவ்வொரு கல்லையும் அதன் இலக்கம் தெரிய, பக்கத்தில் ஓர் அடிமட்டம் வைத்து, கைபேசியில் படமெடுங்கள். கொப்பிகளையும் பக்கம் பக்கமாகப் படமெடுத்து இரண்டு இடங்களில் சேமியுங்கள். கற்களைச் சுற்றியிருக்கும் பழைய பத்திரிகைத் தாளையும் எறிய வேண்டாம், அதிலுள்ள திகதி எப்போது கட்டினார் என்று சொல்லிவிடும்.

ஆசிரியர், ஹட்டன்: எங்கள் பாடசாலை ஆய்வுகூடத்தில் துரைமார் காலத்துக் கண்ணாடி அலுமாரி ஒன்றில் கற்கள் இருக்கின்றன. தங்கம் போல மின்னும் ஒரு கல் இப்போது மஞ்சள் பொடியாக உதிர்கிறது, அடியிலிருந்த சீட்டும் கருகியது போலாகிவிட்டது. பிள்ளைகள் வார்னிஷ் பூசலாமா என்று கேட்கிறார்கள்.

பதில்: பூசவே கூடாது சேர். உங்களிடம் இருப்பது பைரைட், இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம். காற்றிலுள்ள ஈரத்தையும் ஒட்சிசனையும் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்லக் கந்தக அமிலத்தை விடும். சீட்டைத் தின்றது அந்த அமிலம்தான், அப்படியே விட்டால் அலுமாரித் தட்டையும் பக்கத்துக் கல்லையும் தின்னும். காற்றில் ஈரப்பதன் 60 வீதத்தைத் தாண்டினாலே ஆபத்து என்பார்கள், ஹட்டனில் அது தாண்டாத மாதம் எது? வார்னிஷ் பூசினால் உள்ளே இருக்கும் ஈரம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். வேலை தொடர்ந்து நடக்கும், நம் கண்ணுக்குத்தான் தெரியாது.

உதிர்ந்ததைத் திரும்ப ஒட்ட வைக்க வழி இல்லை. மிச்சத்தைக் காப்பாற்றலாம். முதலில் சீட்டில் இன்னும் படிக்கக்கூடிய எழுத்தை எல்லாம் புதிய தாளில் அப்படியே எழுதுங்கள், பழைய சீட்டைத் தனி உறையில் போடுங்கள். பொடியைத் தூரிகையால் தட்டிவிட்டு, இறுக மூடும் பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் பைகளோடு கல்லைத் தனியாக வையுங்கள். சப்பாத்துப் பெட்டியில் வருகிற அந்தச் சின்னப் பை போதாது, கொஞ்சம் கூடுதலாக வாங்கி, ஈரம் ஏறியதும் சூடாக்கி உலர்த்தித் திரும்பப் பாவிக்கலாம்.

மற்றக் கற்களுக்கும் சில விஷயங்கள். சலவைக்கல், கல்சைட், சிப்பிப் புதைபடிவம் எதையும் வினாகிரியிலோ அமிலத்திலோ கழுவ விடாதீர்கள், நுரைத்துக் கரைந்துவிடும். வகுப்பில் பரிசோதனை காட்ட வேண்டுமானால் வீதியோரத்துத் துண்டு ஒன்றை எடுங்கள். செவ்வந்திக்கல் போன்றவை வெயில் பட்டால் நிறம் வெளுக்கும், ஆகவே அலுமாரியை யன்னலுக்கு நேரே வைக்க வேண்டாம். சில மரப்பலகைகளிலிருந்து, முக்கியமாகப் புதுப் பலகையிலிருந்து, வருகிற அமில ஆவி சிப்பிகளைக் கெடுக்கும். அவற்றையும் மூடியுள்ள பெட்டிகளில் வைப்பது நல்லது.

சீட்டுகளைப் பென்சிலால் எழுதுங்கள், நனைந்தாலும் ஊறாது. கல்லில் இலக்கமிட வேண்டுமானால் முக்கியமில்லாத ஒரு மூலையில் வெள்ளைப் பூச்சுப் பொட்டு வைத்து அதன் மேல் இந்திய மையால் எழுதலாம். பழைய சீட்டில் கனிமத்தின் பெயர் தவறாக இருந்தாலும் வெட்டித் திருத்தாதீர்கள், புதுச்சீட்டு எழுதிக் கூட வையுங்கள். தவறான பெயருக்கும் வேலை உண்டு. மண்ணிறப் பெரிடொட் என்று எத்தனையோ காலமாகப் பெயரிட்டு வைத்திருந்த இலங்கைக் கற்களை லண்டனில் எக்ஸ் கதிரில் பார்த்தபோது அவை பெரிடொட் இல்லை, போரன் கலந்த வேறு கனிமம் என்று தெரிந்தது. 1952இல் சின்ஹலைட் என்று பெயர் வைத்தார்கள். அன்றைக்கு உலகம் முழுக்க நூதனசாலைக்காரர்கள் எதைத் தேடியிருப்பார்கள்? "மண்ணிறப் பெரிடொட், இலங்கை" என்ற அந்தத் தவறான சீட்டைத்தான்.

வாசகர், நானுஓயா: கலை வரலாறு எழுதிய ஆனந்த குமாரசுவாமியும் கல் ஆராய்ந்த குமாரசுவாமியும் ஒருவரா?

பதில்: ஒருவரேதான். 1877இல் கொழும்பில் பிறந்தவர், 1903இல் தொடங்கிய இலங்கைக் கனிம அளவைக்கு முதல் தலைவர். லண்டன் பல்கலைக்கழகம் அவருக்குக் கலாநிதிப் பட்டம் கொடுத்ததும் இலங்கையின் புவிச்சரிதவியலுக்காகத்தான். நம் பாடப்புத்தகங்கள் நடராசர் சிலையோடு அவரை நிறுத்திவிட்டன. இது எனக்கு நெடுநாள் மனக்குறை.

வாசகர், பலாங்கொடை: மாணிக்கக் குழியில் வேலை செய்த பெரியப்பா, கறுப்பாகச் சதுரம் சதுரமாக, அளவுக்கு மீறிய கனமான சின்னக் கற்களை ஒரு டின்னில் சேர்த்து வைத்திருந்தார். சாமி அறையில் இருக்கிறது. அதில் ஏதோ கதிர்வீச்சு இருக்கும் என்று ஒருவர் பயமுறுத்துகிறார்.

பதில்: பயமுறுத்தியவர் சொன்னதில் விஷயம் இருக்கலாம். பலாங்கொடைப் பக்கம், கறுப்பு, சதுரக் கட்டி, கனம் என்றெல்லாம் நீங்கள் சொல்வது தோரியனைட்டுக்குப் பொருந்துகிறது. 1904இல் உங்கள் பகுதிக் கற்களிலிருந்துதான் அதைப் புதிய கனிமம் என்று அடையாளம் கண்டார்கள். பெரும்பகுதி தோரியம் ஒட்சைட்டு, யுரேனியமும் கலந்திருக்கும். லண்டனில் இரசாயன அறிஞர் ராம்சேயின் ஆய்வுகூடத்தில் இலங்கைத் தோரியனைட்டை வைத்து வேலை செய்துகொண்டிருந்தபோதுதான் ஒட்டோ ஹான் என்ற ஜெர்மன் இளைஞர் ரேடியோதோரியத்தைக் கண்டுபிடித்தார், அது 1905. பின்னாளில் அணுப்பிளவுக்காக நொபெல் பரிசு வாங்கிய அதே ஹான்தான்.

ஆகவே ஆற்றில் எறியாதீர்கள், சாமி அறையிலும் வைக்காதீர்கள். ஆட்கள் படுக்காத, சமைக்காத, காற்றோட்டமுள்ள இடத்துக்கு மாற்றுங்கள், ஏனென்றால் இப்படிப்பட்ட கற்களிலிருந்து ரேடன் வகை வாயு வரும். உடைக்கவோ அரைக்கவோ கூடாது, தூசு உள்ளே போவதுதான் மோசம். தொட்டால் கை கழுவுங்கள், சின்னப் பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள், டின்னின் மேல் உள்ளே இருப்பது என்னவென்று பெரிதாக எழுதுங்கள். காலம் போனால் வீரியம் குறைந்துவிடும் என்று காத்திருக்க வேண்டாம். தோரியம் பாதியாகக் குறைவதற்கே 1,405 கோடி ஆண்டுகள் வேண்டும். அணுசக்தி ஒழுங்குறுத்துகைப் பேரவைக்கு எழுதிக் கேட்டு, அளந்து பார்த்த பிறகு மேற்கொண்டு யோசிக்கலாம். எஹலியகொடைப் பக்கம் கிடைக்கிற பச்சை எக்கனைட்டும் கதிர்வீச்சுக் கல்தான், அழகாக இருக்கிறது என்று மோதிரத்தில் பதித்துப் போடுகிற ஆசை வேண்டாம்.

வாசகர், கஹவத்தை: தோட்ட வேலை இல்லாத நாட்களில் மாணிக்கக் குழிக்குப் போவேன். இல்லம் (மாணிக்கம் கிடக்கிற சரளைமண்) கழுவும்போது கல்லாகிப்போன பெரிய பல் ஒன்று கிடைத்தது. முதலாளி, மாட்டுப்பல், வீசு என்றார். நான் வீசவில்லை.

பதில்: நல்ல வேலை செய்தீர்கள் தம்பி. இரத்தினபுரி மாவட்டத்து இல்லத்துக்குள் மாணிக்கத்தோடு யானை, காண்டாமிருகம், நீர்யானை எல்லாம் கிடக்கின்றன. நீர்யானை இலங்கையில் வாழ்ந்தது என்று நமக்குத் தெரிந்ததே இப்படிக் குழிகளிலிருந்து வந்த பற்களாலும் எலும்புகளாலும்தான். தேசிய நூதனசாலைப் பணிப்பாளராக இருந்த பி. ஈ. பி. தெரணியகல அவற்றைத் தேடித் தேடிச் சேர்த்தார். குருவிட்டவில் கிடைத்த பற்களை வைத்து, இலங்கையில் சிங்கம் வாழ்ந்தது என்று 1939இல் எழுதினார். மொத்தமே இரண்டு பற்கள். அவற்றை யாராவது மாட்டுப்பல் என்று வீசியிருந்தால், இந்த நாட்டில் கொடியில் மட்டும்தான் சிங்கம் இருந்திருக்கும்.

பல்லை வெயிலில் காய வைக்காதீர்கள், வெடிக்கும். நிழலில் மெதுவாக உலரட்டும், கம்பித் தூரிகையால் தேய்க்க வேண்டாம். ஒட்டியிருக்கும் மண்ணில் கொஞ்சத்தைத் தனிப் பையில் போட்டு வையுங்கள். குழி எங்கே, எத்தனை அடி ஆழம், மேலே என்ன மண், கீழே என்ன மண், கூட மரத்துண்டோ கரியோ இருந்ததா என்று இன்றைக்கே எழுதுங்கள், குழியை மூடிவிட்டால் பிறகு யாரும் பார்க்க முடியாது. அப்புறம் இரத்தினபுரியிலுள்ள தேசிய நூதனசாலைக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள். வந்தது மாட்டுப்பல்லாகவே இருந்தாலும் ஒரு பஸ் டிக்கட்தானே செலவு.

உயர்தர மாணவி, தலவாக்கலை: இப்போது எல்லாவற்றையும் ஸ்கேன் பண்ணலாம், இரசாயனப் பகுப்பாய்வும் செய்து கணினியில் வைக்கலாம். பிறகு ஏன் அந்தப் பாறைகளைக் கட்டிக் காக்க வேண்டும்?

பதில்: இன்றைக்குத் தெரிந்த கேள்விகளுக்குத்தானே இன்றைய பகுப்பாய்வு பதில் சொல்லும். நூறு வருடத்துக்கு முன் நம் மலைக் கல்லை எடுத்தவருக்குச் சிர்க்கோன் என்ற கனிமத்தின் மணிகளை ஒவ்வொன்றாகக் கதிர்க்கற்றையால் சுட்டு வயது பார்க்கலாம் என்று தெரியுமா? பிற்பாடு அதைச் செய்து பார்த்தபோதுதான், மத்திய மலைநாட்டுக் குவார்ட்சைட்டுப் பாறைகளுக்குள் 300 கோடி ஆண்டைத் தாண்டிய சிர்க்கோன் மணிகள் இருப்பது தெரிந்தது. அதே பாறைகள் வெந்து உருமாறியது வெறும் 55 – 61 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். அந்த வயது பார்க்கும் கருவிக்கும் ஓர் அளவுகோல் வேண்டும், வயது நிச்சயமாகத் தெரிந்த ஒரு சிர்க்கோன். கன்பராவிலுள்ள ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் அப்படிப் பாவித்தது எஸ்.எல். 13 என்ற கல், வயது 57 கோடியே 20 இலட்சம் ஆண்டுகள். எஸ்.எல். என்றால் ஸ்ரீலங்கா. அப்படிப்பட்ட கல்லைப் படமெடுத்து வைத்துவிட்டு எறிந்திருந்தால் எதோடு ஒப்பிடுவார்கள்?

படம் மட்டும் மிஞ்சினால் என்ன ஆகும் என்பதற்கும் கதை இருக்கிறது. ஸ்பைனோசோரஸ் என்ற பெரிய டைனோசரை எகிப்தில் கிடைத்த எலும்புகளை வைத்து 1915இல் ஸ்ட்ரோமர் என்ற ஜெர்மன் ஆய்வாளர் விவரித்தார். அந்த மூல மாதிரி மியூனிக் நூதனசாலையில் இருந்தது. 1944 ஏப்ரல் குண்டுவீச்சில் போய்விட்டது. அதற்குப் பிறகு ஆய்வாளர்கள் பல தசாப்தங்கள் அவருடைய சித்திரங்களையும் சில புகைப்படங்களையும் வைத்துக்கொண்டு வாதாடினார்கள். ஆக, ஸ்கேனும் வேண்டும், கல்லும் வேண்டும். 2018 செப்டெம்பரில் ரியோ டி ஜெனிரோவில் பிரேசில் தேசிய நூதனசாலை எரிந்தபோது பெண்டெகோ விண்கல் அசையாமல் நின்றது, அது ஐந்து தொன்னுக்கு மேற்பட்ட இரும்பு. எல்லாக் கல்லுக்கும் அந்தப் பலம் கிடையாது.

வாசகர், மாத்தளை: அப்பாவின் சேகரிப்பைக் கனடாவிலுள்ள அண்ணன் கொண்டுபோகிறேன் என்கிறார். இங்கே யாரிடம் கொடுத்தாலும் காணாமல் போய்விடும் என்பது அவருடைய கட்சி.

பதில்: உங்கள் அண்ணனின் கோபம் எனக்கு விளங்குகிறது. ஆனால் கனிமங்களை உரிமமில்லாமல் நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டப்படி புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகத்திடம் கேட்க வேண்டும், இரத்தினக்கல் என்றால் தேசிய இரத்தினக்கல், ஆபரண அதிகாரசபையிடம். சட்டத்தை விடுங்கள், மாத்தளைக் கல்லைப் பற்றிக் கேள்வி கேட்கப்போகிற மாணவர் மாத்தளையிலும் பேராதனையிலும்தானே இருப்பார்.

பேராதனைப் பல்கலைக்கழகத்தின் புவிச்சரிதவியல் துறைக்கு முதலில் எழுதுங்கள். கல்லை மூட்டையாகக் கட்டிக்கொண்டு போய் வாசலில் இறக்காதீர்கள், இடம் இல்லை என்று சொல்ல அவர்களுக்கும் நியாயம் இருக்கும். இலக்கம், ஊர், எடுத்த ஆண்டு, படம் எல்லாம் சேர்த்து ஒரு பட்டியல் அனுப்பி, ஆராய்ச்சிக்கு உதவக்கூடியதை வந்து பார்த்துத் தேருங்கள் என்று கேளுங்கள். எல்லாவற்றையும் எடுக்க மாட்டார்கள். ஊர் தெரியாத கற்கள் மிஞ்சினால் பாடசாலைக்குக் கொடுக்கலாம், பிள்ளைகள் தொட்டுப் பார்க்கவும் கற்கள் வேண்டுமே.

கொடுக்கும்போது சும்மா கொடுக்காதீர்கள். பட்டியலின் இரண்டு பிரதிகளில் பொறுப்பெடுப்பவரின் பெயர், பதவி, திகதி, கையொப்பம், முத்திரை வாங்கி ஒன்றை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். அப்பா எழுதிய குறிப்புகளின் மூலப்பிரதி கற்களோடு போகட்டும், படப்பிரதி வீட்டில் இருக்கட்டும். ஒன்றிரண்டு வருடம் கழித்து ஒரு நடை போய், பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, இந்த இலக்கக் கல்லைக் காட்டுங்கள் என்று கேட்டுப் பாருங்கள். முகம் சுளித்தாலும் பரவாயில்லை. அண்ணன் ஊருக்கு வருகிற சமயம் பார்த்து அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.